ஒரு மாலையில் தள்ளப்பட்ட ஐந்து திருத்தங்கள்

ஆதார் எண்ணுக்குச் சட்ட வடிவம் தர முதலில் முயன்றது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு. 2010 டிசம்பரில் மாநிலங்களவையில் சாதாரண மசோதாவாக அது அறிமுகமாயிற்று. யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிலைக்குழு, மறு ஆண்டு டிசம்பரில் அதனை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. 2016 மார்ச் 3 அன்று அருண் ஜேட்லி மக்களவையில் கொண்டுவந்த புதிய மசோதாவோ பண மசோதா என வகைப்படுத்தப்பட்டிருந்தது.

இந்த வகைப்பாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. பண மசோதாவை மாநிலங்களவை நிராகரிக்க இயலாது. பரிந்துரைகளுடன் 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம். அவற்றை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். அன்று ஆளும் தரப்புக்கு மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 110ஆவது பிரிவு, வரி, கடன், தொகுப்பு நிதி முதலியவற்றை ‘மட்டும்’ பற்றியதே பண மசோதா என்கிறது. பொது நிதியியல் வகுப்பில் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அடிக்கோடிடச் சொல்வது என் வழக்கம். மானியங்கள் தொகுப்பு நிதியிலிருந்து வழங்கப்படுவதால் இது பண மசோதாவே என்றது அரசு. கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் செலவாகாத சட்டம் எத்தனை இருக்கும்?

மார்ச் 16 அன்று ஜெய்ராம் ரமேஷ் முன்மொழிந்த ஐந்து திருத்தங்களை மாநிலங்களவை வாக்கெடுப்பில் ஏற்றது. விரும்பினால் விலகும் உரிமை, தேசப் பாதுகாப்பின் பெயரில் தகவல் பகிர்வதற்குக் கட்டுப்பாடு, தனியாருக்கும் கதவு திறந்த 57ஆவது பிரிவை நீக்குதல் ஆகியவை அவற்றில் அடங்கும். அன்று மாலையே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், 4-1 என்ற பெரும்பான்மையில் சட்டத்தைச் செல்லும் என்றது. ஆனால், 57ஆவது பிரிவில் தனியாருக்கு வழிவிட்ட பகுதி ரத்தாயிற்று. தேசப் பாதுகாப்பு உட்பிரிவும் அன்றிருந்த வடிவில் நிற்கவில்லை. விலகும் உரிமை, 18 வயதை எட்டும் சிறாருக்கு மட்டும் கிடைத்தது. மாநிலங்களவை கேட்டதில் ஒரு பகுதி இரண்டரை ஆண்டு கழித்து இப்படித் திரும்பி வந்தது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி சந்திரசூட், பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசமைப்பின் மீதான மோசடி என்றார். 2019 நவம்பரில் மற்றொரு வழக்கில், பண மசோதா குறித்த பெரும்பான்மைத் தீர்ப்பின் விளக்கத்தையே ஐயுற்ற உச்ச நீதிமன்றம், கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

இடைப்பட்ட காலத்தில், கைப்பேசி எண்ணை ஆதாருடன் இணைக்கச் சொல்லி 2017 மார்ச்சில் வந்த சுற்றறிக்கையின்படி நானும் ஒரு கடையில் வரிசையில் நின்றேன். நான்காவது முறைதான் இயந்திரம் என் விரல்ரேகையை ஏற்றது. அந்தச் சுற்றறிக்கையும் 2018 தீர்ப்பில் ரத்தாயிற்று.