ஈயக் குண்டும் இரும்பு அச்சும்

அச்சு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழாசிரியர் மனத்தில் எழுத்தும் நூலும் தோன்றும். வண்டிக்கும் அச்சு உண்டு. வெல்லத்திற்கும் அச்சு உண்டு. உருக்கிய ஈயத்தை ஊற்றித் துப்பாக்கிக் குண்டு வார்த்தெடுக்கவும் ஓர் அச்சு உண்டு. பாக்குவெட்டியைப் போன்ற இரு கைப்பிடிகளும், அவற்றின் முனையில் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு இரும்புத் துண்டங்களும் கொண்ட சிறு கருவி அது. ஒவ்வொரு துண்டத்தின் உட்புறத்திலும் குண்டின் பாதி வடிவம் குடையப்பட்டிருக்கும். மூடிப் பிடித்து, மேலுள்ள துளை வழியே ஈயத்தை ஊற்றி, சில நொடி பொறுத்துத் திறந்தால் பளபளக்கும் குண்டு ஒன்று விழும்.

அருங்காட்சியகங்களில் ரிவால்வர் எனப்படும் பழைய சுழல் துப்பாக்கிகளின் அருகே இக்கருவி கிடப்பதுண்டு. பார்ப்போரின் கண்கள் துப்பாக்கியை விட்டு இதன்பால் செல்வது அரிது. ஆயினும் வழக்கொழிந்த தோட்டா ஒன்றிற்கு ஏற்ற அச்சைத் தேடி அலைவோர் அமெரிக்காவில் இன்றும் உளர். அவர்கள் அலைவதற்குக் காரணம், அப்பொருள் அரிதாகிவிட்டது என்பது மட்டுமன்று. தோட்டாக்களுக்கு வழங்கும் பெயர்கள் பல, அவற்றின் உண்மை அளவைச் சொல்வதில்லை. அந்தப் பொய்யின் வரலாறு சுவையானது.

சுழல் துப்பாக்கி தோன்றுமுன் குண்டு வார்ப்பது வீட்டு வேலைகளுள் ஒன்றாக இருந்தது. கைவேலையால் துளைக்கப்பட்ட துப்பாக்கிக் குழல்கள் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. ஆதலின் துப்பாக்கி செய்தவரே அதன் குழலுக்கேற்ற அச்சையும் செய்து கொடுப்பது வழக்கம். அச்சைத் தொலைத்தவன் துப்பாக்கியையே தொலைத்தவனுக்கு ஒப்பாவான். ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். அடுப்பு, இரும்புக் கரண்டி, அச்சு இம்மூன்றும் போதும். அவ்வேலை பெரும்பாலும் யார் கையில் இருந்தது என்பதற்கு ஓர் அரிய சான்று உள்ளது.

1776ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், அமெரிக்க விடுதலைப் பறைசாற்றம் நியூயார்க்கில் வாஷிங்டனின் படைகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டுக் கிளர்ந்த கூட்டம் பௌலிங் கிரீன் என்னுமிடத்தில் நின்ற மன்னர் மூன்றாம் சார்சின் குதிரையேறிய சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தது. பொன்முலாம் பூசிய அச்சிலை ஈயத்தால் ஆனது. நிறுவி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் துண்டுகளிற் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்து லிச்பீல்டு என்னும் ஊருக்கு, பறைசாற்றத்தில் ஒப்பமிட்டோருள் ஒருவரான ஆலிவர் உல்காட்டின் வீட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே மன்னரின் சிலை குண்டுகளாக வார்க்கப்பட்டது. வார்த்தோர் படைவீரர் அல்லர்; உல்காட்டின் மக்களும் அண்டை வீட்டுப் பெண்களும் ஆவர்.

உல்காட்டு எழுதி வைத்த கணக்கு இன்றும் கிடைக்கின்றது. திருமதி மார்வின் 6,058, ரூத் மார்வின் 11,592, உல்காட்டின் மூத்த மகள் லாரா 8,378, இளைய மகள் மேரி ஆன் 10,790, திருமதி பீச்சு 1,802, பிறர் 2,182. படையினருக்கு வழங்கியவற்றையும் சேர்த்து மொத்தம் 42,088. இவற்றின் நடுவே பிரடெரிக்கு என்னும் மகனின் பெயரும் உண்டு. வயது ஒன்பது, அவன் கணக்கில் 936. பள்ளிப் பிள்ளையின் வயதுடைய சிறுவன் 936 தோட்டாக்களுக்குப் பொறுப்பாளியாக எழுதப்பட்டிருக்கிறான் என்பதைப் படிக்கும் ஆசிரியர் எவரும் அவ்வரியை விரைந்து கடந்துவிட இயலாது. போர் வரலாறுகள் தளபதிகளின் பெயர்களைச் சொல்லும். ஈயப் புகையில் நின்ற பெண்களையும் பிள்ளைகளையும் இத்தகைய கணக்குத் தாள்களே சொல்லுகின்றன.

சாமுவேல் கோல்ட்டு என்பவர் 1836இல் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, அதன்மேல் அறையைவிடச் சற்றே பெரிய குண்டை வைத்து, நெம்புகோலால் அழுத்தி இறுக்குவது அக்கால முறை. கோல்ட்டின் துப்பாக்கிகள் மரப்பேழையில் அடுக்கப்பட்டு வந்தபோது, மருந்துக் குடுவையோடு குண்டு அச்சும் உடன் வந்தது. அவ்வச்சில் குழிகள் பெரும்பாலும் இரண்டு: ஒன்று உருண்டைக்கு, மற்றொன்று கூர்முனைக் குண்டிற்கு. 1851இல் இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் கோல்ட்டு தம் துப்பாக்கிகளை வைத்தார். எந்திரத்தால் ஒரே அளவில் அமைந்த உறுப்புகள் அங்கு வியப்பை எழுப்பின. ஒரே வகைத் துப்பாக்கிகள் அனைத்திற்கும் ஒரே வகை அச்சுப் போதும் என்னும் நிலை அதனால் உருவாயிற்று.

அடுத்து வந்தது பித்தளை உறையுடைய தோட்டா. மருந்து, குண்டு, தீமூட்டி மூன்றும் ஓர் உறைக்குள் அடங்கின. தோட்டாவைப் பின்புறமிருந்து செருகுவதற்கு ஏற்ப முழுவதும் துளைத்த உருளைக்கு ரோலின் ஒயிட்டு என்பவர் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தார் அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பெற்று, 1857இல் தம் முதல் சுழல் துப்பாக்கியை வெளியிட்டனர். 1869இல் அவ்வுரிமை காலாவதியான பின்னரே பிறருக்கு வழி திறந்தது. கோல்ட்டு நிறுவனத்தின் பெயர்பெற்ற இராணுவத் துப்பாக்கி 1873இல் வந்தது.

பெயர் பொய்யான கதை இங்குத்தான் தொடங்குகின்றது. முதற்காலத் தோட்டாக்கள் பலவற்றில் குண்டின் விட்டமும் உறையின் வெளிவிட்டமும் ஒன்றாகவே இருந்தன. குண்டின் அடியை மட்டும் சற்றே ஒடுக்கி உறைக்குள் செருகியிருப்பர். இன்றும் சிறுரகமான 22 தோட்டா இம்முறையில்தான் அமைந்துள்ளது. இதில் ஒரு குறை இருந்தது. குழலில் ஈயம் ஒட்டாதிருக்கக் குண்டின்மேல் தடவிய கொழுப்பும் மெழுகும் உறைக்கு வெளியே நின்றன. பையில் உள்ள தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டன. 1871இல் ரஷ்ய அரசு ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்திடம் முதலில் 20,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது, இக்குறையை நீக்குமாறு கேட்டது. கொழுப்புத் தடவிய பகுதி உறைக்குள் மறையும்படி குண்டு சிறிதாக்கப்பட்டது. விட்டம் 0.429 அங்குலமாகக் குறைந்தது. பெயரோ 44 என்றே நின்றுவிட்டது. 38 என வழங்கும் தோட்டாவின் குண்டு 0.357 அங்குலமே ஆகும். உறை பெரிதாக இருந்த காலத்துப் பெயர், உள்ளே குண்டு சிறுத்த பின்னும் ஒட்டிக்கொண்டது. ஆறு வற்றிய பின்னும் ஆற்றங்கரைத் தெரு என்னும் பெயர் நிற்பதில்லையா!

இவற்றுள் மிகவும் குழப்பமானது 41 கோல்ட்டு என்னும் தோட்டா. 1877இல் கோல்ட்டு நிறுவனம் வெளியிட்ட, விசையை இழுத்தாலே சுத்தி எழுந்து அடிக்கும் துப்பாக்கியோடு அது பிறந்தது. அத்துப்பாக்கியின் 38 அளவுக்கு மின்னல் என்றும், 41 அளவுக்கு இடி என்றும் பொருள்படும் பெயர்களைச் சின்சினாட்டி நகர வணிகர் ஒருவர் சூட்டினார். தொடக்கத்தில் 41 தோட்டாவும் அடி ஒடுங்கிய குண்டையே கொண்டிருந்தது. குழலின் உள்விட்டமும் குண்டின் விட்டமும் ஏறக்குறைய 0.40 அங்குலமாக ஒத்திருந்தன. பின்னர் இதன் குண்டையும் உறைக்குள் புகுத்த முற்பட்டனர், குண்டு 0.386 அங்குலமாகச் சிறுத்தது. ஆனால் மக்கள் கையிலிருந்த துப்பாக்கிகளின் குழல் அதற்கேற்பச் சிறுத்துவிடுமா? சிறுத்த குண்டு அகன்ற குழலில் தளர்வாகச் சென்றால் சுழற்சி பெறாது, குறியும் வாய்க்காது.

இதற்குக் கண்ட வழி, குண்டின் அடியைக் கிண்ணம்போல் குடைவது. பிரெஞ்சு நாட்டு மினியே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீள்துப்பாக்கிக் குண்டிற்குப் பயன்படுத்திய உத்தி அது. மருந்து வெடித்தவுடன் எழும் காற்றழுத்தம், மெல்லிய கிண்ண விளிம்பை விரித்துக் குழலோடு பொருத்திவிடும். குண்டு உறைக்குள் 0.386, குழலுக்குள் 0.40. இரண்டு அளவிற்கும் ஒரே ஈயம் ஈடுகொடுத்தது. பழுதான ஏற்பாட்டைப் பழுதாகவே வைத்துக்கொண்டு சமாளித்த திறம் இது. பாராட்டத்தக்கதே எனினும், பின்னால் வந்தோரை வருத்தியதும் இதுவே.

38 நீள் கோல்ட்டுத் தோட்டாவும் இதே மாற்றங்களுக்கு உள்ளானது. சபாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள சூலுத் தீவுகளிலும் மிண்டனாவிலும் மோரோ மக்களோடு பொருத அமெரிக்கப் படையினர், அத்தோட்டாவின் வலுவின்மையைக் குறைகூறினர். அதன் விளைவாக 1904இல் ஆய்வுகள் நிகழ்ந்தன. படையினர் 45 அளவிற்குத் திரும்பினர்.

அமெரிக்க மேற்குப் பகுதியின் பண்ணைகளிலிருந்து கடைத்தெரு நெடுந்தொலைவு. எனவே சுட்ட உறையை எறியாமல் மீண்டும் நிரப்பும் பழக்கம் பரவியது. அடிபட்டுத் தீப்பொறி எழுப்பும் சிறு உலோகக் கிண்ணத்தை மட்டும் மாற்றினால் உறை மறுபடியும் பயன்படும். அக்கிண்ணத்தை எளிதாக மாற்றும் அமைப்பு ஆங்கிலப் படை அலுவலரான பாக்சருடையது. அமெரிக்கரான பெர்டனின் அமைப்பு ஐரோப்பாவில் பரவ, ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவில் நிலைத்தது விந்தையே. 1884இல் சான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் ஐடியல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கருவி ஒன்றில், உறையை நிரப்பும் குறடும் குண்டு வார்க்கும் அச்சும் ஒரே கைப்பிடியில் இணைந்திருந்தன. அந்நிறுவனம் 1910இல் மார்லினுக்கும், பின்னர் 1925இல் லைமன் நிறுவனத்திற்கும் கைமாறியது.

ஐடியல் அச்சுகளின் எண்முறையே ஈண்டு உற்று நோக்கத்தக்கது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் உண்மை விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்காகக் குறிக்கும். எஞ்சியவை வடிவத்தின் வரிசை எண். எல்மர் கீத்து என்னும் துப்பாக்கி எழுத்தாளர் வகுத்த 44 குண்டின் அச்சு, 429421 என்னும் எண்ணுடையது. துப்பாக்கி 44 என்னும்; தோட்டாப் பெட்டி 44 என்னும்; அச்சு மட்டும் 429 என்னும்.

41 கோல்ட்டு மெல்ல வழக்கொழிந்தது. 38 ஸ்பெசல் போன்ற தோட்டாக்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 1877 வகைத் துப்பாக்கியின் உற்பத்தி 1909இல் நின்றது. அதற்குள் ஏறக்குறைய 166,000 துப்பாக்கிகள், இரு அளவுகளும் சேர்த்து, வெளிவந்திருந்தன. 1964இல் 41 மேக்னம் என்னும் புதிய தோட்டா தோன்றியது. பெயரைக் கண்டு மயங்கி அதன் அச்சை வாங்குவோர் ஏமாறுவர். அதன் குண்டு 0.410 அங்குலம். பழைய 41இன் உறைக்குள் அது புகாது.

எனவே தேடுவோர் முதலில் தம் துப்பாக்கியைத் தாமே அளக்க வேண்டும். மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுள் செலுத்தி, மறுமுனையில் எடுத்து, நுண்ணளவியால் அளப்பர். அதன்பின் பழம்பொருட் சந்தைகளிலும் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் தேட்டம் தொடங்கும். குழிவான அடியுடைய குண்டின் அச்சிற்கு இரண்டு பாதிகள் மட்டும் போதா. கிண்ணத்தை உருவாக்கும் முளை ஒன்று கீழிருந்து உட்செல்ல வேண்டும். அச்சு கிடைத்தும் முளை தொலைந்திருந்தால் அது வெறும் இரும்பே. முளை இருந்தும் குழியில் துரு அரித்திருந்தால், வார்க்கும் குண்டு ஒவ்வொன்றிலும் அத்தழும்பு படியும். பழைய வரைபடங்களைக் கொண்டு பித்தளையிலோ அலுமினியத்திலோ புதிதாகக் கடைந்து தருவோரும் உள்ளனர். அவர்களும் கேட்கும் முதற் கேள்வி, அளவு என்ன என்பதே.

ஈயத்தின் தேட்டமும் உடன் வரும். தூய ஈயம் மென்மையானது. கிண்ண அடி விரிவதற்கு அம்மென்மை வேண்டும். விரைந்து செல்லும் குண்டுகளுக்கோ கடினம் வேண்டும். அதற்கென வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலப்பர். இக்கலவை அச்சகத்தாருக்கு நெடுங்காலம் பழகியது. எழுத்து வார்த்தது அதனால்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட, 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்தமையால், சிறிய எழுத்துகள் பொறையாற்றில் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளே அவற்றிற்கு மூலப்பொருளாயின என்பர். எழுத்து வார்த்த அச்சும் குண்டு வார்த்த அச்சும் அமைப்பில் உடன்பிறப்புகள்: மூடும் இரு பாதிகள், நடுவே ஒரு குழி. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1978 சூலையில் ஈய எழுத்துக்கோப்பைக் கைவிட்டது. பிற அச்சகங்களும் அவ்வாறே கைவிட, மூலையில் குவிந்த எழுத்து உலோகம் குண்டு வார்ப்போரின் அடுப்புகளுக்கும் சென்றது. எத்தனையோ தலைப்புச் செய்திகளைத் தாங்கிய ஈயம் அது.

தேடியவருக்கு என்றேனும் அச்சு கிட்டும். பழைய இடித் துப்பாக்கியின் குழலில் 41 என்று பொறித்திருக்கும். குழலை அளந்தால் 0.40 அங்குலம் என்று வரும். எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தால், அச்சின் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் எண் 386 என்றே தொடங்கும்.