இருபதாயிரம் டாலர் கரண்ட் பில்

ஒரு கரண்ட் பில். பிரச்னை அங்கேதான் வெடித்தது.

2014 ஜனவரி. கனடாவில் கால்கரி என்று ஒரு நகரம். அங்கே தியோ டி ராட் என்பவரின் வீட்டு பேஸ்மெண்டில் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதுசு, பழசு, மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டியது என்று சகலவிதமான மெஷின்களும் உண்டு. எல்லாமாகச் சேர்ந்து வருடத்துக்குச் சாப்பிட்ட மின்சாரம், இருபதாயிரம் கனடா டாலர். கட்டப் பணமில்லை. யாராவது உதவாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டார்கள்.

கடையில் விற்ற சரக்கின் பெயர் ஓப்பன் பி.எஸ்.டி. விண்டோஸ் மாதிரி அதுவும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். யூனிக்ஸ் குடும்பத்தில் பிறந்தது. பாதுகாப்பு விஷயத்தில் படு கெட்டிக்காரப் பிள்ளை. விலை? பூஜ்யம். யார் வேண்டுமானாலும் இண்டர்நெட்டில் இறக்கி, இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

இதில் என்ன அதிசயம், இலவசமாகக் கொடுத்தால் திவாலாகத்தானே வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. 1995-ல் தொடங்கி அதுவரை சுமார் பதினெட்டு வருடம் அந்த இலவசக் கடை ஓடியிருக்கிறது. அதுதான் அதிசயம். எப்படி ஓடியது? யார் காசு கொடுத்தார்கள்? நான் படித்தது பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற புத்தி. அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

யூனிக்ஸ், அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969-ல் பிறந்தது. நல்ல சிஸ்டம். ஆனால் சொந்தக்காரர்கள் உண்டு. வணிக நிறுவனங்கள் அதன் மூல நிரலைப் பார்க்க வேண்டுமானால் பல்லாயிரம் டாலர் கட்டவேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த மனிதர். யூனிக்ஸ் மாதிரியே ஒன்றை எழுதி எல்லோருக்கும் கொடுப்பேன் என்று 1983-ல் அறிவித்தார். க்னூ என்று பெயர் வைத்தார். 1984 ஜனவரியில் வேலையையும் விட்டார்.

1985-ல் அவருடைய ஈமாக்ஸ் என்ற எடிட்டர் புழக்கத்துக்கு வந்தது. எம்.ஐ.டி. கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்க நெட்வொர்க் வேண்டுமே? அந்தக் காலத்தில் அது எத்தனை பேரிடம் இருந்தது? எனக்கு எப்படிக் கிடைக்கும் என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

ஸ்டால்மன் யோசித்தார். கையில் வேலையில்லை. சாப்பிட்டாக வேண்டும். 150 டாலர் அனுப்புங்கள், ஒரு காந்த டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதே சரக்கு. நெட்டில் எடுத்தால் இலவசம். தபாலில் வந்தால் 150 டாலர். ஆர்டர்கள் வந்தன. அதே வருடம் அவர் ஆரம்பித்த ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் இந்த டேப் வியாபாரத்தை எடுத்துக்கொண்டது.

சுதந்திரம் வேறு, ஓசி வேறு. ஸ்டால்மன் காலமெல்லாம் சொன்னது இதைத்தான். வாங்கியவர் அதைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். அதற்குத் தடை கூடாது. மற்றபடி காசு வாங்குவது பாவமே இல்லை.

இந்தப் பாடத்தை ஒரு ஃபின்லாந்து மாணவர் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டார். லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது கறாராக ஒரு நிபந்தனை போட்டார். இதை யாரும் காசுக்குக் கொடுக்கக்கூடாது. அனுப்பும் செலவுக்குக்கூட ஒரு பைசா வாங்கக்கூடாது.

உயர்ந்த எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் உதைத்தது. யூனிக்ஸ் ஆர்வலர்கள் கூடுகிற இடங்களில், ஃப்ளாப்பியில் காப்பி போட்டுக் கொடுக்கப் பலர் தயாராக இருந்தார்கள். ஃப்ளாப்பி காசையாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். லினஸுக்கு உறைத்தது. 1992 பிப்ரவரி முதல் ஸ்டால்மனின் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறினார். காசு வாங்கலாம், ஆனால் மூல நிரலை மறைக்கக்கூடாது.

காசு வாங்கத் தடை இருந்தவரை அது ஒரு மாணவரின் பொழுதுபோக்கு. தடை நீங்கியபிறகு, அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போக ஒரு வியாபாரிக் கூட்டம் கிளம்பியது.

அந்த வியாபாரத்தின் அடிப்படை ஒரு சின்னக் கணக்கு. ஒரு சி.டி.யில் 650 மெகாபைட் பிடிக்கும். 1994-ல் நல்ல மோடம் என்றால் விநாடிக்கு 14,400 பிட். லைன் அறுந்து போகாமல், யாரும் குறுக்கே போனை எடுக்காமல் இருந்தால், ஒரு சி.டி. அளவு இறக்குவதற்கு சுமார் நூறு மணி நேரம் பிடிக்கும். நாலு ராத்திரி, நாலு பகல். போன் பில் தனி. எந்தப் புத்திசாலியும் காசைக் கொடுத்து சி.டி.யை வாங்கிக்கொண்டு தூங்கப் போய்விடுவான்.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அடுத்த வருடமே பி.சி. குவெஸ்ட் பத்திரிகை இதழோடு லினக்ஸ் சி.டி.யைச் சேர்த்துக் கொடுத்தது. நம்மூரில் பலருக்கு லினக்ஸ் என்ற பெயரே அப்படித்தான் அறிமுகம்.

கலிஃபோர்னியாவில் வால்நட் க்ரீக் சி.டி.ராம் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1991-ல் பாப் ப்ரூஸ் என்பவர் ஆரம்பித்தது. ஃப்ரீ பி.எஸ்.டி., ஸ்லாக்வேர் போன்ற இலவச சிஸ்டங்களை சி.டி.யில் போட்டு விற்றார்கள். அதோடு நின்றார்களா? அதே சரக்கை யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு பிரம்மாண்டமான சர்வரையும் நடத்தினார்கள். 1999-ல் அந்த சர்வரிலிருந்து ஒரே நாளில் ஒரு டெராபைட்டுக்குமேல் டவுன்லோட் ஆனது.

ஒரு கையில் விற்பனை, மறு கையில் அன்னதானம். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் அன்னதானத்தில் ருசி கண்டவர்களில் ஒரு பகுதியினர் கல்லாவுக்கும் வந்தார்கள். அந்தப் பணத்தில் கம்பெனி வாழ்ந்தது. ஃப்ரீ பி.எஸ்.டி. எழுதியவர்களுக்கு வேலை செய்ய ஒரு மெஷினும் வேகமான இணைய இணைப்பும் கிடைத்தன. அந்த உதவி இல்லாவிட்டால் தாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்று அவர்களே நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பாப் யங். மனைவியின் தையல் அலமாரியில் இடம்பிடித்து, கேட்டலாக் போட்டு யூனிக்ஸ், லினக்ஸ் சமாசாரங்களை விற்றுக்கொண்டிருந்தவர். மார்க் யூயிங் என்பவர் தயாரித்த லினக்ஸ் நன்றாக விற்பதைக் கவனித்தார். 1995-ல் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ரெட் ஹேட்.

ரெட் ஹேட் பெட்டி சுமார் 50 டாலர். அதே சிஸ்டத்தை சீப்பைட்ஸ் என்ற கடை காப்பி போட்டு 2 டாலருக்கு விற்றது. திருட்டு இல்லை ஐயா, முழுக்க முழுக்கச் சட்டப்படி. பாப் யங் கோபப்படவில்லை. தக்காளி கெச்சப்பை வீட்டிலேயே செய்யலாம், ஆனாலும் ஜனங்கள் பிராண்ட் பார்த்துத்தானே பாட்டில் வாங்குகிறார்கள் என்றார். அவர் விற்றது நம்பிக்கையை. கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்கிற தைரியத்தை. 1999 ஆகஸ்ட் 11 அன்று 14 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த ரெட் ஹேட், அன்று சாயங்காலம் 52 டாலரில் நின்றது.

புத்திசாலிகள் காற்று மாறுவதை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். பிராட்பேண்ட் வந்தது. நூறு மணி நேரம் என்பது ஒரு மணி நேரமாகி, பிறகு நிமிடங்களாகச் சுருங்கியது. சி.டி.யை யார் வாங்குவார்கள்? 2003-லேயே ரெட் ஹேட் பெட்டி வியாபாரத்தைக் கைவிட்டது. கம்பெனிகளுக்கு வருடச் சந்தாவில் சேவை என்று மாறிக்கொண்டது. 2019-ல் ஐ.பி.எம். அதை 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது.

2004-ல் உபுண்டு வந்தபோது ஆட்டமே வேறு. தென்னாப்பிரிக்கக் கோடீஸ்வரர் மார்க் ஷட்டில்வொர்த்தின் கைக்காசு. கேட்டவர்களுக்கு உலகம் முழுக்க சி.டி. அனுப்பினார். தபால் செலவும் அவருடையது. ஓசி என்ற சொல்லே, கம்பெனி ஆட்சிக் காலத்தில் தபால் கட்டணம் இல்லாமல் போன அரசாங்கக் கடிதங்களிலிருந்து வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். இதுவல்லவா அசல் ஓசி! 2011 ஏப்ரலில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கால்கரிக்குத் திரும்பலாம்.

தியோ டி ராட் பிடிவாதக்காரர். ஓப்பன் பி.எஸ்.டி. சி.டி.க்கு அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் இலவசம். நெட் மூலம் இறக்கி இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் அந்த சி.டி.யில் ஃபைல்களை அடுக்கியிருக்கும் அமைப்பு மட்டும் என் காப்புரிமை என்றார். அந்த சி.டி.யை அப்படியே நகலெடுத்து நெட்டில் போடக்கூடாது. வேண்டுமா, வாங்கிக்கொள். கூடவே ஸ்டிக்கர், படம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பாட்டு வேறு. வாங்கியவர்களில் பலருக்கு சி.டி. தேவையே இல்லை. சட்டை வாங்கினார்கள், போஸ்டர் வாங்கினார்கள். நம்மூரில் கோயில் உண்டியலில் போடுவது மாதிரிதான்.

பெரிய இடத்துப் பணமும் ஒருமுறை வந்தது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, ஒரு பல்கலைக்கழகம் வழியாக நிதி கொடுத்தது. இராக் யுத்தம் வந்தது. தியோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பத்திரிகை பேட்டியில், இந்தப் பணம் எனக்கு வருவதால் அரை ஏவுகணையாவது குறையும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன் என்கிற தொனியில் பேசிவிட்டார். 2003 ஏப்ரலில் நிதி நின்றது. மறுபடியும் கை கொடுத்தது சி.டி. வாங்கியவர்களும் நன்கொடையாளர்களும்தான்.

இந்த உண்டியல் காசில் அவர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 1999-ல் வந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தூரத்தில் உள்ள இன்னொன்றுக்குள் பத்திரமாக நுழைய உதவும் சாஃப்ட்வேர். உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் அது இருக்கிறது. ஆப்பிளின் மேக்கில் இருக்கிறது. விண்டோஸிலும் இருக்கிறது. நீங்கள் ரயில் டிக்கெட் எடுத்தாலும் பாங்க்குக்குப் பணம் அனுப்பினாலும், அந்தப் பக்கம் ஓடும் சர்வர்களைப் பராமரிக்கிறவர்கள் அனேகமாக அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போய்வருகிறார்கள்.

உலகமே பயன்படுத்தியது. ஆனால் சி.டி. வாங்கியவர்கள் ஒரு கைப்பிடி. டவுன்லோட் சுலபமாக ஆக ஆக, அந்தக் கைப்பிடியும் கரைந்தது. அப்புறம்தான் அந்தக் கரண்ட் பில்.

பழைய மெஷின்களை நிறுத்தித் தொலையுங்களேன், பில் குறையுமே என்று பலர் யோசனை சொன்னார்கள். முடியாது என்றார்கள். ஒரு மெஷினில் ஒளிந்துகொள்ளும் தப்பு, வேறு ரகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளும். பழசை வைத்திருப்பது பாசத்தால் அல்ல, தொழில் சுத்தத்தால்.

நல்லவேளை, செய்தி பரவியது. பணம் வந்தது. ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பிட்காயின் வியாபாரி இருபதாயிரம் டாலரைத் தூக்கிக் கொடுத்தார். அந்த வருட இலக்கான ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டிவிட்டார்கள். 2015-ல் பெரிய தொகை கொடுத்தவர்களின் பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்! விதியின் நகைச்சுவைக்கு அளவே இல்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதே 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் ஹார்ட்ப்ளீட் என்கிற ஓட்டை வெளியே தெரிந்தது. இணையத்தில் பாஸ்வேர்டையும் கார்டு நம்பரையும் பூட்டி அனுப்புகிற வேலை அதனுடையது. கணக்கைத் திறந்து பார்த்தால், அதற்கு வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேர ஊழியர் ஒரே ஒருவர். அதற்கப்புறம்தான் பெரிய கம்பெனிகள் அலறி எழுந்து நிதி திரட்டின.

ஓப்பன் பி.எஸ்.டி.யின் கடைசி சி.டி. 2016 செப்டம்பரில் வெளிவந்த 6.0. அதற்குப்பின் டவுன்லோட் மட்டும்தான். நன்கொடையில் கடை ஓடுகிறது.

இறக்கிக்கொள்வதா, வாங்குவதா என்று அந்த நாளில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டப்பாவுக்கும் சி.டி.க்கும்தான் காசு கொடுப்பதாக நினைத்தார்கள். அந்தக் காசில் தபால்காரர் கூலி போக மீதி, எழுதியவர் வீட்டு உலைக்கும் போனது. சி.டி. என்பது ஒரு ரசீது. அவ்வளவுதான். ரசீது ஒழிந்ததும் செலவும் ஒழிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் இலவசம் என்று எழுதினால், எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவர் பெயரை எழுதியாக வேண்டும். ஸ்டால்மனுக்கு 150 டாலர் அனுப்பியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு காசு தரவேண்டாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்ஸ்டால் முடிந்ததும், அதை எழுதியவர்கள் நன்கொடைக்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். எங்கோ ஒரு பேஸ்மெண்டில் யாரோ கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.