பங்கு கேட்ட கைம்பெண்: ‘நாகம்மாள்’ நாவலும் விளைநிலச் சொத்துரிமையும்

முன்னுரை

தாராபுரம் பகுதியைச் சேர்ந்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்ற நிலையிலேயே அது பெரிதும் பேசப்படுகிறது. கொங்கு வேளாண் குடும்பம் ஒன்றின் பிளவைக் கூறும் இந்நாவலை அக்காலச் சொத்துரிமைச் சட்டத்தோடு இணைத்து நோக்குகையில் நாகம்மாளின் செயல் வேறு பொருள் பெறுகிறது.

நிலமும் குடும்பமும்

தாராபுரம், காங்கயம் வட்டாரங்களில் பயிர் நிலத்தோடு மேய்ச்சல் நிலமும் குடும்ப உடைமையாக இருந்தது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கால்நடைகளுக்குத் தீனி தந்தன. மழையை நம்பிய இவ்வாழ்வில் நிலம், கால்நடை, உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. பங்கு பிரிப்பது வரப்பைப் பிரிப்பதோடு முடிவதன்று.

இத்தகைய மண்ணில் கணவனை இழந்த நாகம்மாள், மகளுடன் கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் வாழ்கிறாள். பின்னர்த் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கிறாள். கெட்டியப்பன் முதலியோர் அவளுக்குத் துணை நிற்கின்றனர். பூசல் சின்னப்பனின் கொலையில் முடிகிறது.

சட்டமும் விளைநிலமும்

மிதாட்சர முறைப்படி, பாகம் பிரியாமல் இறந்தவனின் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேர்ந்தது. ஆண் மகவு இல்லாத கைம்பெண்ணுக்குச் சீவனாம்ச உரிமை மட்டுமே இருந்தது. 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கணவனின் பங்கில் அவளுக்கு வாழ்நாள் அளவிலான உரிமையையும் பாகப்பிரிவினை கோரும் உரிமையையும் அளித்தது. ஆனால் மாகாணங்களின் விளைநில வாரிசுரிமைக்கு இச்சட்டம் பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் 1947இல் தனிச்சட்டம் இயற்றியே அதனை விளைநிலத்துக்கு விரிவாக்கியது.

நாவல் வெளிவந்த ஆண்டு இந்த இடைவெளிக்குள் அமைகிறது. வேளாண் குடும்பத்தின் முதன்மைச் சொத்து எதுவோ, அதிலேயே கைம்பெண்ணின் புதிய உரிமை செல்லாதிருந்தது.

நாவலின் வாசிப்பு

நாகம்மாளைப் பிறர் தூண்டுதலுக்கு ஆட்பட்டவளாகக் கொள்வது எளிது. நாவல் அதற்கு இடந்தருகிறது. ஆசிரியர் சட்ட விவாதம் எதனையும் முன்வைக்கவும் இல்லை. எனினும், தன் பெயரில் வழக்காட வலுவான வழியற்ற பெண் ஊராரின் துணையை நாடுவது தற்செயலன்று. துணை நிற்போர் தத்தம் பகையையும் அதனோடு சேர்க்கின்றனர். உரிமைக் கோரிக்கை ஆண்களின் பூசலாக மாறுகிறது.

முடிவுரை

‘நாகம்மாள்’ வட்டார வழக்கின் பதிவாக மட்டும் நிற்பதன்று. சட்டம் எட்டாத விளைநிலத்தில் பெண்ணின் கோரிக்கை எவ்வாறு வன்முறைக்கு இட்டுச் செல்லப்பட்டது என்பதற்கும் அது சான்றாகிறது. அவளது குணக்கேட்டால் மட்டும் குடும்பம் சிதைந்தது எனக் கூறுவது, அவளுக்கு மறுக்கப்பட்ட வழியைக் கணக்கில் கொள்ளாத வாசிப்பாகும்.