கொல்லிமலை மூலிகையும் கணக்கு மாத்திரையும்

நாமக்கல் பக்கம் ஒரு பையன் வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேங்கிறான், சொன்னதைக் காதில் வாங்க மாட்டேங்கிறான் என்றால், பெற்றோருக்கு இரண்டு யோசனைகள் தேடி வரும். ஒன்று, கொல்லிமலைக்குப் போய் மூலிகை வாங்கிக் கொடுங்க. இன்னொன்று, கண்டிப்பான விடுதிப் பள்ளியில் கொண்டு போய்ப் போடுங்க. இரண்டுக்குமே எங்கள் மாவட்டம் பேர்போனது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கோரக்கர் குகை, அறப்பளீஸ்வரர் கோயில், மூலிகை விற்கும் கடைகள். மலையை விட்டு இறங்கினால் விடியற்காலையில் எழுப்பி ராத்திரி வரை படிக்க வைத்து மதிப்பெண் எடுக்க வைக்கும் பள்ளிகள்.

இப்போது மூன்றாவதாக ஒரு யோசனையும் சேர்ந்திருக்கிறது. டாக்டர், ஏ.டி.எச்.டி. என்ற பெயர், தினமும் காலையில் ஒரு மாத்திரை.

எங்கள் உறவில் ஒரு தங்கையின் பையனுக்கு எட்டு வயது. டாக்டர் மூன்று முறை பார்த்தார், வகுப்பாசிரியரிடம் படிவம் நிரப்பி வாங்கினார், ஏ.டி.எச்.டி. என்று சொல்லி மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஒரு மாதமாக பீரோவில் கிடக்கிறது. புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். "ஏனுங்கண்ணா, இது நெசமாவே நோயா, இல்ல வெள்ளக்காரன் வச்ச பேரா? கடைக்காரரு இத போதை மருந்து லிஸ்ட்ல இருக்குன்னு சொல்றாரு, புள்ளைக்குக் கொடுக்கலாமா? மலை மருந்தே போதாதா?" என்று கேட்டாள்.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இவை.

முதலில் வந்தது மருந்து, பெயர் அல்ல

துறுதுறு பையன்களை மருத்துவர்கள் கவனித்தது நேற்று இன்று அல்ல. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைக்டன் 1798இல் எழுதிய நூலில், கவனம் ஒரு இடத்தில் நிற்காத மனநிலைக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். 1840களில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிச் ஹாஃப்மன், தன் சின்ன மகனுக்காக எழுதிய படக்கதைப் புத்தகத்தில் சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டே இருக்கும் ஃபிலிப் என்ற பையனைக் காட்டினார். 1902இல் லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 43 குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். புத்தியில் குறை இல்லாத பல குழந்தைகள்கூடத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் இருந்தார்கள். அவர் அதற்கு வைத்த விளக்கம் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை'.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பெயர் வைத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறோம். ஆனால் முத்திரை ஏற்கனவே விழுந்துதான் இருக்கிறது. வாலு, அடங்காதவன், சோம்பேறி, வளர்ப்பு சரியில்லை. நோயறிதல் வந்து ஒட்டுவது வெறும் நெற்றியில் அல்ல.

திருப்பம் வந்தது 1937இல். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட எம்மா என்ற மகளின் நினைவாக ஒரு குடும்பம் 1931இல் தொடங்கிய குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. அங்கே டாக்டர் சார்லஸ் பிராட்லி, மூளையைப் படமெடுக்க முதுகுத்தண்டு நீரை எடுக்கும் பரிசோதனை செய்வார். அது முடிந்ததும் குழந்தைகளுக்குக் கடும் தலைவலி வரும். அதைத் தணிக்க பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பில் சில பிள்ளைகள் திடீரென்று உட்கார்ந்து பாடம் செய்தார்கள். பிறகு 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துக் கவனித்ததில் 14 பேரின் படிப்பில் பெரிய மாற்றம். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் 'கணக்கு மாத்திரை'.

அதே 1937இல்தான் பம்பாயில், டாடா சமூகப்பணிப் பள்ளியில், இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டல் மையம் தொடங்கியது. அங்கே ஒரு மாத்திரை, இங்கே ஒரு ஆலோசனை அறை. இன்றைக்கும் நாம் தேர்ந்தெடுக்கத் திணறும் இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் பிறந்திருக்கின்றன.

தங்கையின் சீட்டில் இருக்கும் மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் செய்தது. மனைவி ரீட்டாவின் பெயரை வைத்து அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்த நிலை 1968இல் ஒரு பெயரிலும், 1980இல் ஏ.டி.டி. என்றும், 1987இல் ஏ.டி.எச்.டி. என்றும் வந்தது. அதாவது மருந்து முன்னால், பெயர் பின்னால்.

இந்த வரிசையால் ஒரு தப்பான நம்பிக்கை பரவிவிட்டது. மாத்திரை கொடுத்துப் பாருங்க, கேட்டால் ஏ.டி.எச்.டி.தான் என்பார்கள். 1978இல் ஜூடித் ராப்பப்போர்ட் குழு எந்தப் பிரச்சினையும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தது. அவர்களுக்கும் அசைவு குறைந்தது, கவனம் கூடியது. ஆக, மாத்திரை வேலை செய்வது நோய்க்கு அத்தாட்சி இல்லை. நோயறிதல் தனி முடிவு, மருந்து தனி முடிவு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால்தான் பாதி வீடுகளில் சண்டை.

எட்டு வயதா, ஏழே முக்காலா

எங்கள் அப்பா தலைமுறையைப் பள்ளியில் சேர்த்த விதம் தெரியும் இல்லையா? வலது கையைத் தலைக்கு மேல் கொண்டு போய் இடது காதைத் தொடணும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறந்த தேதியை வாத்தியார் அவரே ஜூன் மாதத்தில் ஒன்றாக எழுதிக்கொள்வார். கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு விவரம் இருந்தது. காகிதத்தில் இருக்கும் வயதைப் பார்க்காமல் உடம்பின் வளர்ச்சியைப் பார்த்தார்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே டிசம்பர் 31 பள்ளிச் சேர்க்கையின் எல்லைத் தேதி. ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதல், பெண் குழந்தைகளுக்கு 70 சதவீதம் கூடுதல். டிசம்பரில் பிறந்தால் மூளைக் கோளாறு வருமா என்ன? வகுப்பிலேயே இளையவன் என்பதால் பெரியவர்களோடு ஒப்பிட்டுக் 'குறை' என்று எழுதிவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. கிடைத்தது 11.32 சதவீதம். உலக அளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது. யாரைக் கேட்கிறோம், எந்தப் படிவத்தால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் இரட்டிப்பாகும்.

இதனால் எல்லாமே கட்டுக்கதை என்று ஆகிவிடாது. இரத்த அழுத்தத்துக்கும் கோடு எங்கே போடுவது என்ற சண்டை உண்டு, அதற்காக இரத்த அழுத்தம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இரட்டையர் ஆய்வுகளைப் பார்த்தால் ஏ.டி.எச்.டி. குடும்பத்தில் இறங்கி வரும் அளவு 70 சதவீதத்துக்கு மேல். அதனால் டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாக இருக்கின்றன. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா? ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? பள்ளியில் மட்டுமா, வீட்டிலும் உறவினர் வீட்டிலும்கூடவா? வகுப்பில் இவன்தான் இளையவனா? கண், காது, தூக்கம், இரத்தசோகை, எழுத்துக்கூட்டுவதில் சிரமம் இதையெல்லாம் பார்த்தாயிற்றா?

மூன்று அரசுப் பட்டியல்கள்

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் மெத்தில்ஃபெனிடேட் பெயர் இருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு நவம்பர் 14, அதாவது குழந்தைகள் தினம்! மருந்து விதிகளில் அது 'எக்ஸ்' அட்டவணையில் வருகிறது. டாக்டர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும், கடைக்காரர் ஒன்றை இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், கடைக்குத் தனி உரிமம் வேண்டும். எல்லாக் கடைக்காரர்களும் இந்த உரிமத்தை வாங்கி வைப்பதில்லை. ஆனால் அதே சட்டம் மருத்துவப் பயன்பாட்டுக்கு வழி விட்டிருக்கிறது. டாக்டர் சீட்டோடு வாங்கிக் கொடுக்கும் தாய் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

இரண்டாவது பட்டியல் 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தினுடையது. பிறந்தது முதல் 18 வயது வரை தேட வேண்டியவை என்று அதில் வரிசைப்படுத்திய நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. செம்மேட்டிலோ வாழவந்தி நாட்டிலோ படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் இது பொருந்தும். பள்ளியில் பார்க்கும் குழு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 நிலைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. இல்லை.

கூட்டிப் பாருங்கள். பிரச்சினையைக் கண்டுபிடி என்கிறது ஒரு பட்டியல். அதற்கான சலுகைக்கு இடமில்லை என்கிறது இன்னொன்று. மருந்தைச் சங்கிலி போட்டுக் கட்டு என்கிறது மூன்றாவது. பெற்றோருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? மலை மேல் இருப்பவருக்கு இது இன்னும் கனம். சீட்டு புதுப்பிக்க, உரிமம் உள்ள கடையைத் தேட, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 70 வளைவும் இறங்கணும்.

மலை மருந்து

வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஞாபகத்துக்கு நல்லது என்பது நம் வீட்டு நம்பிக்கை. இரண்டுமே வேறு வேறு செடி, ஆனால் சில ஊர்களில் இரண்டையும் 'பிரம்மி' என்றே விற்கிறார்கள். நீர்ப்பிரமியை வைத்துச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. அவற்றை வைத்து மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஈடு என்று சொல்ல முடியாது. வல்லாரைத் துவையல் அரைத்துப் போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானே இரண்டு கரண்டி சாப்பிடுவேன்.

பயம் இலையில் இல்லை, லேபிள் இல்லாத பொடியிலும் செந்தூரத்திலும்தான். 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகள் 70ஐச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் குழந்தைகளின் கவனத்தையே கெடுக்கும் உலோகம் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கவனத்துக்காகக் கொடுக்கும் பொடியே கவனத்தைத் தின்றால்?

மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது

1999இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் பார்த்த பெரிய ஆய்வு வந்தது. அலைபாய்தல், கவனச்சிதறல் இரண்டிலும் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, வெறும் நடத்தைப் பயிற்சியைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் ஆய்வு முடிந்து அவரவர் விருப்பப்படி போனபின், மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. தொடர்ந்து மருந்து எடுத்தவர்களின் உயரம் கொஞ்சம் குறைந்தது. பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் சாதாரணமாக வரும் பக்க விளைவுகள். பையன் 'பொம்மை மாதிரி' ஆகிவிட்டால் அது மருந்தின் வெற்றி இல்லை, பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

இன்னொரு பக்கத்தையும் வைக்கணும். சுவீடனில் ஏ.டி.எச்.டி. உள்ள 17,408 பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், ஆண்கள் மருந்து எடுத்த மாதங்களில் கடுமையான சாலை விபத்துகள் 58 சதவீதம் குறைவாக இருந்தன. நாம் மார்க்கை மட்டும் வைத்து விவாதிக்கிறோம். பத்து வருஷம் கழித்து இதே பையன் பைக்கில் கொல்லிமலை ஏறுவான்.

என் தொழிலில் முடிவுகளை இரண்டு வகையாகப் பிரிப்போம். திரும்ப எடுக்க முடிந்தது, முடியாதது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம், சாயங்காலம் உடம்பில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சேராவிட்டால் டாக்டரிடம் சொல்லி நிறுத்தலாம். ஐந்து வயதில் 'மக்கு' என்று முடிவுகட்டி விடுதியில் தள்ளிய ஆறு வருஷத்தை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இதைத் தீர்ப்பாக நினைக்காமல் ஒரு மாதச் சோதனையாக நினைக்கலாம் என்பதே என் கருத்து. தொடங்கும் முன் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் உண்டா என்று டாக்டர் பார்க்கட்டும். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை நிமிஷம், ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம், வாரத்தில் எத்தனை சண்டை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்து ஒப்பிடுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. மேலே இருந்தாலும் அந்தப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

அந்த நோட்டில் பையனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1798இலிருந்து இன்று வரை நான் படித்தவற்றில் டாக்டர் பேசுகிறார், ஆசிரியர் பேசுகிறார், சட்டம் பேசுகிறது. குழந்தைகள் சொன்னதாக எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல், 'கணக்கு மாத்திரை'. எது மாறியது என்று மருத்துவர் புரிந்துகொள்ளும் முன்பே அவர்கள் புரிந்துகொண்டு பெயரும் வைத்துவிட்டார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று எட்டு வயதுப் பையனுக்குச் சொல்லத் தெரியும். கேட்டால் சொல்வான்.