எஞ்சினுக்குள் ஒரு கவர்னர்

கவர்னர் என்றவுடன் பலருக்கும் கிண்டி மாளிகைதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல! ஆயில் எஞ்சின், பவர் டில்லர், சிறிய டிராக்டர், மீன்பிடிப் படகு என்று எல்லாவற்றிலும் கையளவு இடத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு கவர்னரைப் பற்றியது. எஞ்சின் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பட்டறையில் பிரித்து, புது பிஸ்டன் போட்டு, மறுபடி கட்டிய எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் "உர்ர்ர்... ம்ம்ம்... உர்ர்ர்..." என்று வேகம் ஏறி இறங்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும். இந்த நோய்க்கு 'ஹண்டிங்' என்று பெயர். இதற்கு இருநூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் செங்கல்பட்டுக்கும் ஒரு சின்ன பங்கு உண்டு.

நம் ஊர்க் கிணறுகளில் முன்பு கவலை ஏற்றம்தான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் பை மேலே வரும். மாட்டுக்குக் கவர்னர் தேவையில்லை. பை அறுந்து சுமை போய்விட்டாலும் மாடு இரண்டு எட்டு வைத்து நின்றுவிடும்! சென்னை பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1900-களின் தொடக்கத்தில் இந்த மாடுகளின் இடத்தில் ஆயில் எஞ்சினையும் பம்பையும் வைத்துப் பார்க்கத் துணிந்தார். (அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே வளர்த்தவரும் இவரேதான்.) அவருடைய ஆரம்பகாலச் சோதனைகள் நடந்த இடங்களில் ஒன்று, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பு. பிறகு சென்னை மாகாணத்தின் பல இடங்களுக்கும் எஞ்சின் பம்பு பரவியது.

எஞ்சினிடம் மாட்டின் அறிவு கிடையாது. கோடையில் கிணற்று நீர் இறங்கி பம்பு காற்று வாங்க ஆரம்பித்தால், ஒரு நொடியில் சுமை காணாமல் போகும். எண்ணெய் மட்டும் அதே அளவு உள்ளே போய்க்கொண்டிருக்கும். வேகம் எகிறும். வேகம் இரண்டு மடங்கானால் சுழலும் பாகங்களைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். கனமான ஃப்ளைவீல் வெடித்துப் பறந்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது கடினம்.

அந்தக் கால எஞ்சின்கள் பலவற்றில் இதற்கு ஒரு எளிய வழி இருந்தது. வேகம் கூடினால் கவர்னர் அடுத்த வெடிப்பையே நிறுத்திவிடும். ஃப்ளைவீல் தானாகச் சுற்றி வேகம் குறைந்ததும் மறுபடி ஒரு வெடிப்பு. 'டப்... ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... டப்' என்று கேட்கும் அந்தச் சத்தம் கோளாறு அல்ல, கவர்னர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். தண்ணீர் இறைக்க இது போதும். ஆனால் டைனமோ ஓட்டினால் விளக்கு கண் சிமிட்டும்!

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் வாட்தான் கவர்னரைக் கண்டுபிடித்தார் என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. சுழலும் குண்டுகள் இங்கிலாந்தின் காற்றாலைகளில் அவருக்கு முன்பே இருந்தன. 1787-ல் தாமஸ் மீட் என்பவர் அதற்குக் காப்புரிமையே பெற்றிருக்கிறார். வாட் 1788-ல் அதை நீராவி எஞ்சினில் பொருத்தினார். தத்துவம் ரொம்பச் சுலபம். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், விரிந்தால் வால்வு மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும், வால்வு திறக்கும்.

இதன் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். ஆரம்பத்தில் கரடுமுரடாகச் செய்த எஞ்சின்கள் அமைதியாக ஓடின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைசல் வேலை துல்லியமானது, உராய்வு குறைந்தது, எஞ்சின்கள் ஆட ஆரம்பித்தன! கவர்னர் வேகத்தைக் குறைக்கப் போய் அதிகமாகக் குறைத்துவிடும். அதைச் சரிசெய்யப் போய் அதிகமாகக் கூட்டிவிடும். தொலைநோக்கியைச் சீராகத் திருப்ப கவர்னரைப் பயன்படுத்திய வானியலாளர் ஏரி, 1840-லேயே இதை எழுதி வைத்தார். 1868-ல் மாக்ஸ்வெல் (மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மாக்ஸ்வெல்தான்) கவர்னர்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, எப்போது ஆட்டம் அடங்கும், எப்போது வளரும் என்பதைக் கணக்காகக் காட்டினார். சில வருடங்கள் கழித்து ரஷ்யாவின் விஷ்னெகிராட்ஸ்கி இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: உராய்வு இல்லாமல் கவர்னர் இல்லை என்று.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். உராய்வு நல்லது என்றால் துருப்பிடித்த கம்பி நல்லதா? இல்லை. எண்ணெயில் கையை அசைத்தால் கிடைக்கிற இதமான தடைதான் வேண்டியது. வேகமாக அசைத்தால் அது அதிகமாகத் தடுக்கும், மெதுவாக அசைத்தால் விட்டுவிடும். துருப்பிடித்த கீல் அப்படி அல்ல. முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபடும். அதுவே புது ஆட்டத்தை உண்டாக்கும்.

மறுபடி கட்டிய சிறிய டிராக்டர் எஞ்சினில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். எஞ்சின் ஆடினால் உடனே கவர்னரைத்தான் திட்டுவார்கள். பாவம், பல நேரம் அதன் மேல் தப்பே இருக்காது. பெட்ரோல் எஞ்சின் என்றால், ஓடும்போது த்ராட்டில் கையை அசையாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆட்டம் தொடர்ந்தால் குற்றவாளி கார்ப்பரேட்டர். ஜெட் அடைத்திருக்கும், அல்லது கேஸ்கெட் வழியாகக் காற்று நுழையும். ஆட்டம் நின்றுவிட்டால்தான் கவர்னர் பக்கம் பார்க்க வேண்டும். வளைந்த இணைப்புக் கம்பி, பெயிண்ட் படிந்த பின், தப்பான ஓட்டையில் மாட்டிய ஸ்பிரிங்... பல எஞ்சின்களில் ஸ்பிரிங்குக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். அச்சுக்கு நெருக்கமான ஓட்டையில் மாட்டினால் கவர்னர் ரொம்ப உஷாராகி ஆட ஆரம்பிக்கும். தள்ளி மாட்டினால் ஆட்டம் அடங்கும், ஆனால் சுமை ஏறும்போது வேகம் கொஞ்சம் இறங்கும். மாக்ஸ்வெல் தாளில் போட்ட கணக்கை மெக்கானிக் ஓட்டை மாற்றிப் போடுகிறார், அவ்வளவுதான்!

இதைவிட ஆபத்தானது, கவர்னர் கையைத் தப்பான நிலையில் இறுக்கிவிடுவது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்பிரிங் த்ராட்டிலை முழுவதும் திறந்தே வைத்திருக்கும். மூடுவது சுழலும் எடைகளின் வேலை. எடைகள் தள்ளுவது கைக்குப் போய்ச் சேராவிட்டால், ஸ்டார்ட் ஆன நொடியிலேயே எஞ்சின் பறக்கும். டீசல் எஞ்சினில் பம்பின் ராக் சிக்கிக்கொண்டாலும் இதே கதி. சாவியைத் திருப்பி அணைக்க அங்கே தீப்பொறி கிடையாது. எண்ணெயை நிறுத்த வேண்டும், இல்லையேல் காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது!

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் போனால் அதே பிரச்னை கடலில் நிற்கும். இந்தக் கரையில் படகுகள் மணலிலிருந்தே அலையைத் தாண்டி உள்ளே போகின்றன. கட்டுமரத்துக்குத் துடுப்பும் பாயும் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் நீளத் தண்டு வைத்த சிறிய டீசல் எஞ்சினும் பெருகின. படகின் மூக்கு அலை மேலே ஏறி இறங்கும்போது பின்பக்கம் தூக்கும், புரொபெல்லர் காற்றில் சுழலும். கிணற்றில் பம்பு காற்று வாங்கியது போலவேதான். ஆனால் இங்கே அது அலைக்கு அலை நடக்கும். கவர்னர் மந்தமாக இருந்தால் எஞ்சின் அலறும். புரொபெல்லர் திரும்ப நீரில் இறங்கும்போது தண்டுக்கு அடி விழும். அலை நடுவே எஞ்சின் நின்றுபோனால் படகு குறுக்கே திரும்பிக் கவிழலாம்.

கவர்னர் என்ற சொல்லும் கடலிலிருந்து வந்ததுதான் என்பது கூடுதல் செய்தி. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவருக்கு இருந்த பெயர் லத்தீன் வழியாக இப்படி மாறியது. நம் பழைய தமிழில் அவர் மீகாமன். 1948-ல் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தபோது அதே கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார், மாக்ஸ்வெல்லின் கட்டுரையை மனதில் வைத்து.

செங்கல்பட்டு அருகே மஹிந்திரா சிட்டியில் 2012-ல் திறக்கப்பட்ட ஆராய்ச்சி மையத்தில் டிராக்டர்களும் வடிவமைக்கப்படுகின்றன. 2023 ஜனவரியில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் வந்தபின், பெரிய வண்டிகளில் எண்ணெயை அளப்பது கம்ப்யூட்டரின் வேலையாகிவிட்டது. அதற்குக் கீழே உள்ள சிறிய டிராக்டர்களிலும் பவர் டில்லர்களிலும் பெரும்பாலும் இன்னும் அதே சுழலும் எடைகள், அதே ஸ்பிரிங்.