எப்படித் தெரியும்? சிறுவர் அறிவு நூல்கள் சொல்ல வேண்டியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு வேதியியல் நூல் வெளிவந்தது. ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்னும் இரு மாணவிகளும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. எழுதியவர் ஜேன் மார்செட். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே என்ற இளைஞர் அதைப் படித்தார். 1858இல் மார்செட் மறைந்த பிறகு எழுதிய கடிதம் ஒன்றில் அந்த நாட்களை ஃபாரடே நினைவுகூர்கிறார். நூலில் கண்டவற்றைத் தன்னால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்து, அவை மெய்யென்று தெரிந்தபின்தான் அவருக்கு அந்நூலின்மேல் பிடிப்பு ஏற்பட்டது.

சிறுவர் அறிவு நூல்களைப் பற்றிய விவாதத்தில் இந்தச் செய்திக்கு உரிய இடம் கிடைத்ததில்லை. தகவல் சரியா, நடை எளிதா, படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தத் தகவல் எப்படித் தெரியவந்தது என்பதை நூல் குழந்தைக்குக் காட்டுகிறதா என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஃபாரடே தான் பெற்றதைத் திருப்பித் தந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் பருவத்தில் இளையோருக்கு அவர் ஆற்றிய ஆறு உரைகள், வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாயின. பொருள் ஒரே ஒரு மெழுகுவத்தி. சுடரின் நடுவே, திரியை ஒட்டிய இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைக்கிறார். மறுமுனை வழியே வரும் ஆவியில் நெருப்பு வைத்தால் அங்கேயும் ஒரு சுடர் எழுகிறது. வத்தியை மெல்ல அணைத்து, மேலெழும் ஆவியில் தீக்குச்சியைக் காட்டினால், குச்சி திரியைத் தொடாமலேயே தீ தாவி இறங்குகிறது. மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது என்பதைக் குழந்தை கண்ணாலேயே கண்டுவிடுகிறது. ‘மெழுகு ஆவியாகி எரிகிறது’ என்று ஒரே வரியில் இதை முடித்திருக்கலாம். அந்த வரியைக் குழந்தை மனப்பாடம் செய்யும். சோதித்துப் பார்க்க அதில் இடமில்லை.

வரலாற்றைச் சோதனைக் குழாயில் இட முடியாதே என்று கேட்கலாம். நியாயமான தடைதான். வியன்னாவில் இளைஞர் கோம்ப்ரிக் ஆறே வாரத்தில் எழுதி 1935இல் வெளியிட்ட சிறுவர் உலக வரலாறு பெரும்பாலும் கதை சொல்லலே. சான்றுகளை அது அதிகம் காட்டுவதில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த புதிய பதிப்பில் அவர் ஓர் அத்தியாயம் சேர்த்தார். முதல் உலகப் போரின் முடிவையும் அமெரிக்க அதிபர் வில்சனின் வாக்குறுதிகளையும் பற்றித் தான் முன்பு எழுதியது தவறு என்று அதில் இளம் வாசகரிடமே சொல்கிறார். வரலாறு திருத்தப்படக்கூடியது என்பதை இதைவிட நேர்மையாகக் கற்பிக்க முடியாது.

நம் கைக்கு அருகிலேயே கீழடி அகழாய்வு இருக்கிறது. ‘2,600 ஆண்டு பழமை’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கி.மு. 580 எனக் காலக்கணிப்புப் பெற்றது. கரியிலுள்ள கார்பன்-14, சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதே இக்கணிப்பின் அடிப்படை. ஆய்வகம் சொல்வது கரியின் வயதை மட்டுமே. பானை ஓட்டின் வயதை, அது கிடந்த மண்ணடுக்கைக் கொண்டு ஆய்வாளர்தான் ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தில்தான் விவாதத்துக்கு இடமிருக்கிறது.

பத்து வயதுக் குழந்தைக்கு இது பளு என்பது ஏற்கத்தக்கதல்ல. குழியின் ஆழத்தைச் சுவரில் அளந்து காட்டலாம். பாதி, பாதியில் பாதி என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. பெருமையை மட்டும் கற்ற குழந்தை, யாராவது மறுத்தால் கோபப்படும். சான்றையும் கற்ற குழந்தை பதில் சொல்லும்.

சிறுவர் நூல் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள், கைப்பிரதியை ஏற்பதற்கு முன் ஆசிரியரிடம் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டு, அதற்கான விடையை நூலுக்குள்ளேயே எழுதித்தரச் சொல்ல வேண்டும்.