முப்புரியும் மயக்க விதியும்

தமிழில் எந்த மெய்யும் எந்த மெய்யோடும் சேர்ந்து நின்றுவிட இயலாது. க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மோடு தாமே மயங்குமேயன்றிப் பிறவற்றோடு மயங்கா. ர், ழ் ஆகிய இரண்டும் பிறவற்றோடு மயங்குமேயன்றித் தம்மோடு தாம் மயங்கா. வடமொழிச் 'சக்தி' தமிழில் 'சத்தி' ஆனதும், 'பக்தி' 'பத்தி' ஆனதும் இக்கட்டுப்பாட்டால்தான். தொல்காப்பியர் இதனை எழுத்ததிகாரத்தின் முதல் இயலாகிய நூன்மரபிலேயே வைத்துவிட்டார். சொல்லும் பொருளும் பிறப்பதற்கு முன்பே, எது எதனருகில் நிற்கலாம் என்னும் வரையறை பிறந்துவிடுகிறது. வாய் இடங்கொடாத சேர்க்கைக்கு மொழியிலும் இடமில்லை.

உயிர்ப்பொருளின் புரதங்களுக்கும் இத்தகைய நூன்மரபு ஒன்று உண்டு. அது வகுக்கப்பெற்ற இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. வெளிவந்த ஆண்டு 1963. வகுத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர். உயிர் வேதியியலும் மூலக்கூற்று உயிரியலும் கற்பிக்கப்பெறும் நாடுகளிலெல்லாம் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் அது பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அறிவியல் மாணவர்க்கு அது தேர்வுக்குரிய ஒரு படம். அது ஒரு கண்டனத்திற்கு விடைதேடிப் பிறந்த படம் என்பதை அறிந்தோர் சிலரே.

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். இயற்கை பெரும்பாலும் 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டே தன் புரதங்கள் அனைத்தையும் கோத்துவிடுகிறது. குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும், உண்ட உணவைச் செரிக்கச் செய்வதும், எலும்புக்கு உறுதி தருவதும் இந்த இருபதின் வெவ்வேறு வரிசைகளே. ஆனால் வரிசை மட்டும் தெரிந்தால் போதாது. எழுத்தும் அசையும் எண்ணிவிட்டால் செய்யுளின் ஓசை கைவந்துவிடுமா? சங்கிலி எங்கே வளைகிறது, எங்கே சுருள்கிறது, எங்கே மடிகிறது என்பதில்தான் புரதத்தின் தொழில் அடங்கியிருக்கிறது. அவ்வடிவத்தைக் காண இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிஞர்க்கு இருந்த தலையாய கருவி எக்ஸ் கதிர். ஒழுங்காக அமைந்த பொருளின் ஊடே அக்கதிரைச் செலுத்தினால், அது சிதறி ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளையும் கோடுகளையும் பதிக்கும். அந்தத் தடயங்களிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தறிய வேண்டும்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் இயற்பியல் துறைக்குத் தலைவராக ஒருவரை அமர்த்தியபோது அவருக்கு வயது முப்பது நிறையவில்லை. 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சென்ற இராமச்சந்திரனைச் சர் சி. வி. இராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி, பின்னர் மீண்டும் பெங்களூர், அதன்பின் சென்னை. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இளைஞர் ஒருவரிடம் ஒரு துறையையே ஒப்படைத்த துணிவு தனியே எழுதத்தக்கது.

அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கிலேயப் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், உரையாடலின் போக்கில் ஒரு குறையைச் சொன்னார்: கொலாஜன் என்னும் புரதத்திற்கு அதுவரை முன்மொழியப்பட்ட வடிவங்களில் எதுவும் நிறைவளிப்பதாக இல்லை. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் கட்டுமானப் பொருள் கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதுவே. பெயரின் வேர் கிரேக்கம். 'பசை தருவது' என்பது பொருள். தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து வச்சிரம் காய்ச்சும் தச்சர் காலங்காலமாக அறிந்த பொருள்தான் அது.

இராமச்சந்திரனுக்கு ஆய்வுப்பொருள் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியிருக்கவில்லை. அண்டையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாண் நல்ல எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. கோபிநாத் கர்த்தாவும் அவரும் அப்படங்களோடு ஒரு வேதியியல் செய்தியையும் இணைத்துப் பார்த்தனர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. பிறவற்றுக்கு இருப்பதுபோன்ற பக்கக் கிளை அதற்கில்லை. ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவே அவ்விடத்தில் இருக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற இக்கணக்கு எதற்காக? மூன்று இழைகள் அருகருகே நெருங்கி நின்று, ஒவ்வொன்றின் மூன்றாவது கண்ணியும் உள்நோக்கியிருந்தால் அந்த நெருக்கடியில் கிளைசின் அன்றி வேறெதுவும் நுழையாது. ஆகவே கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதினர். அடுத்த ஆண்டே அதனைத் திருத்தினர். ஒவ்வோர் இழையும் இடப்புறமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கேறும் வடிவம் அது. கயிறு திரிப்பவர் இதை விளக்கமின்றியே புரிந்துகொள்வார். பிரிகளை ஒரு புறமும் கயிற்றை மறு புறமும் முறுக்குவதால்தான் கயிறு அவிழாமல் நிற்கிறது. 'முப்புரி' என்ற நம் சொல் இதற்கென்றே பிறந்தது போலும்.

1955 நவம்பரில், அதே 'நேச்சர்' இதழில், அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரின் கட்டுரை வெளிவந்தது. கிரிக், ஈராண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் வாட்சனுடன் சேர்ந்து டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவர். சென்னையின் முப்புரிக் கருத்து அடிப்படையில் சரியானது என்று ஏற்றுக்கொண்ட அவர்கள், அவ்வடிவின் நுண்ணமைப்புத் தவறானது என்றனர். சென்னை வடிவத்தில் மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இழைகளைச் சேர்த்துக் கட்டின. அவ்விரண்டையும் பெறுவதற்காக இழைகளை இறுக்கியதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றையொன்று நெருங்கிவிட்டன என்பது குற்றச்சாட்டு. முறுக்கைச் சற்றுத் தளர்த்தி, ஒரே பிணைப்புடன் அவர்கள் வேறொரு வடிவத்தைத் தந்தனர்.

இத்தகைய கண்டனத்திற்கு எளிய எதிர்வினைகள் இரண்டு உண்டு. ஒன்று, உரத்த மறுப்பு. மற்றொன்று, மௌனமாக வேறு ஆராய்ச்சிக்குப் போய்விடுவது. சென்னையில் நடந்தது இரண்டும் அன்று. 'அளவுக்கு மீறிய நெருக்கம்' என்றால் அந்த அளவு எது என்று அவர்கள் கேட்டனர். கேள்வி மிக எளியது. விடையோ எந்த நூலிலும் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டிருக்கவில்லை. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதுவரை துல்லியமாக அறியப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் தேடியெடுத்து, அவற்றில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று சசிசேகரன் அளந்து தொகுத்தார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் முறைதான் இது. இயற்கையின் வழக்கைத் தொகுத்துப் பார்த்து விதி செய்தார்கள். அத்தொகுப்பிலிருந்து ஒவ்வோர் அணு இணைக்கும் ஈரெல்லைகள் வகுக்கப்பட்டன: இயல்பான எல்லை ஒன்று, அருகிய வழக்காக இயற்கை பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை ஒன்று. இரண்டு கரிம அணுக்களுக்கு இயல்பெல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும்.

இந்த அளவுகோலைக் கொலாஜனுக்கு மட்டும் வைத்துக்கொள்வானேன்? புரதம் எதுவாயினும் பொருந்துமல்லவா? இவ்விடத்தில்தான் ஒரு வழக்கின் எதிர்வாதம் ஒரு துறையின் இலக்கணமாக மாறியது.

புரதச் சங்கிலியை ஓலைச்சுவடியின் ஏடுகளைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும் பகுதி ஓர் ஏடு போலத் தட்டையானது, வளையாதது. அமெரிக்க வேதியியலறிஞர் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் இதை ஏற்கெனவே நிறுவியிருந்தனர். அடுத்தடுத்த இரண்டு ஏடுகள் ஒரு கரிம அணுவில் சந்திக்கின்றன. அந்த அணுவைக் கீலாகக் கொண்டு முன் ஏடும் சுழலலாம், பின் ஏடும் சுழலலாம். ஆக ஒவ்வொரு சந்திப்பிற்கும் இரண்டே கோணங்கள். ஃபை, ப்சை என்னும் கிரேக்க எழுத்துகள் அவற்றுக்குப் பெயராயின. எத்தனை நீளமான புரதமாயினும் அதன் முதுகெலும்பின் வளைவு நெளிவுகளை, இந்த இணைக்கோணங்களின் வரிசையாகவே பெரிதும் எழுதிவிடலாம்.

ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து, இரண்டுக்கும் 360 பாகைகள் கொண்ட ஒரு சதுரம் வரைந்தனர். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் ஒரு நிலை. அந்நிலையில் அணுக்களின் தொலைவுகளைக் கணக்கிட வேண்டும். ஓர் இணையாவது எல்லை தாண்டி நெருங்கினால் அப்புள்ளியை நீக்கிவிட வேண்டும். ஆற்றல் கணக்கு எதுவும் இதில் இல்லை. அணுக்களைக் கெட்டியான கோலிக்குண்டுகளாகக் கொண்ட எளிய வடிவகணிதமே. முடிவில் சதுரத்தின் பெரும்பரப்பு வெறுமையாயிற்று. நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான இடமே, சில தீவுகளாக எஞ்சியது. பாலிங் 1951இல் முன்மொழிந்த ஆல்ஃபாச் சுருள் ஒரு தீவில் இருந்தது. பட்டுநூலில் காணப்படும் விரிந்த மடிப்பும் கொலாஜன் இழையும் மற்றொரு தீவில் இருந்தன. 'மூலக்கூற்று உயிரியல் இதழ்' என்னும் ஆங்கில ஏட்டில் 1963இல் இது வெளிவந்தபோது ஐந்து பக்கங்களே பிடித்தது.

விதிக்குப் புறனடையும் உண்டு. பக்கக் கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் பரந்து விரிந்தன; மற்றவை புகமுடியாத மூலைகளில் அது புகும். வளையமாகக் கட்டுண்ட புரோலினுக்கோ இருக்கும் இடமும் சுருங்கியது. தம்மொடு தாம் மயங்காத ர், ழ் இரண்டையும் தனியே எடுத்தோதும் இலக்கண ஆசிரியனுக்கு இந்த நுட்பம் விளங்காமற் போகாது.

பின்னர் ஒவ்வொரு புரதமாக வடிவம் வெளிப்பட்டபோது, கோணங்கள் மிகப் பெரும்பாலும் அத்தீவுகளிலேயே விழுந்தன. கர்த்தாவும் அமெரிக்கா சென்று 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் வடிவத்தைக் கண்ட குழுவில் முதல்வராக நின்றார். இன்று ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாக அறிவிப்பவர் அவ்வடிவத்தை இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுக்காட்ட வேண்டும். விலக்கப்பட்ட பரப்பில் புள்ளிகள் மிகுந்தால் வடிவத்தின் மீதே ஐயம் எழும். அணுக்களை அளவுமீறி நெருக்கிவிட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் செய்த அளவுகோல், அந்தக் குற்றத்தை எல்லாரிடமும் தேடிப் பார்க்கும் கருவியாகிவிட்டது.

இராமச்சந்திரன் 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டகன்றார். பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் எழுதிய கணிதக் கட்டுரை, உடலை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் கருவிகளுக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. பிற்காலத்தில் அவர் மனம் சமணரின் சியாத்வாத அளவையியலில் தோய்ந்தது. நீலகேசி கற்றோர்க்கு அது அயலன்று. 1977இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் ஈவால்டு பரிசைப் பெற்றார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு வரவில்லை. அதற்காக அங்கலாய்க்கும் நேரத்தில் அந்த ஐந்து பக்கங்களைத் தமிழில் விளக்கி எழுதினால் பயன் மிகும்.

கொலாஜன் வழக்கில் யார் வென்றார்? பல்லாண்டுகள் சென்னைக் குழு இரண்டாம் பிணைப்பைக் கைவிடவில்லை. 1968இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், அப்பிணைப்பு நேரடியாக இல்லாமல் ஒரு நீர் மூலக்கூறு இடைநின்று அமையலாம் என்றனர். 1994இல் அமெரிக்காவில் முப்புரி வடிவுடைய ஒரு சிறு பெப்டைடின் படிக அமைப்பு 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியாயிற்று. மூன்று கண்ணிகளுக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றே; அவ்வகையில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது நின்றது. முப்புரி நின்றது; அது சென்னையின் சொல். இழைகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாக அமைந்து பிணைத்திருந்ததும் தெரிந்தது.

அந்தப் பெப்டைடில் ஆய்வாளர் வேண்டுமென்றே ஒரு பிழை செய்திருந்தனர். ஒவ்வோர் இழையின் நடுவிலும், கிளைசின் நிற்கவேண்டிய ஓரிடத்தில், அதற்கடுத்துச் சிறியதான அலனினை வைத்திருந்தனர். அவ்விடத்தில் மூவிழையும் சற்றே விலகி, முறுக்குத் தளர்ந்து, நேரடிப் பிணைப்பு இருந்த இடத்தில் நீர் புகுந்திருந்தது. மனித உடலின் கொலாஜனில் ஒரு கிளைசினின் இடத்தை வேறோர் அமினோ அமிலம் பிடித்துக்கொள்வதுண்டு. அதனால் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய் உண்டாகிறது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட இழையில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று.